மெர்வ் டாஸ்கரின் கேட்டும் என் கம்பளிச் சட்டையும்

வைகோராவில் பாதி வீடுகளின் சமையலறை இழுப்பறையில் இன்றும் ஒரு பித்தளைச் சாவி கிடக்கும். அது எந்தப் பூட்டையும் திறக்காது. தூக்கிப் போடவும் யாருக்கும் மனம் வராது. அந்தச் சாவியைச் செய்து கொடுத்தவன் மெர்வ் டாஸ்கர். அதைச் செல்லாததாக்கியவனும் அவனே. அவனைப் பற்றித்தான் எழுதுகிறேன். நல்லதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

மெர்வ் பிறந்தது காட்டு முகாமில், பதினாலாம் நம்பர் வீட்டில். அப்போது காடு அரசாங்கத்துடையது. அவன் அப்பா பைன் மரங்களுக்குக் கிளை கழித்தார். மெர்வும் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுக் காட்டுக்குள் போனான். நாற்று நட்டான், ஏணி போட்டுக் கிளை கழித்தான், அப்புறம் இயந்திர வாளைப் பிடித்து மரம் அறுத்தான். இடது கையில் இரண்டு விரல் அந்த வாளோடு போயிற்று. அந்த நாளில் காட்டுக்குள் போக யாரும் யாரையும் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போவோம். சின்னதுகள் ஆற்றில் கிடக்கும். பெரியவர்கள் நாய்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்கள். திரும்பும்போது பிக்கப்பின் பின்னால் ஒரு பன்றியும் ஒரு சாக்கு புஹா கீரையும் இருக்கும். திங்கட்கிழமை எல்லார் வீட்டுப் பானையிலும் ஒரே வாசனைதான்.

அப்புறம் அரசாங்கம் காட்டை விற்றது. ஒரே வெள்ளிக்கிழமையில் ஊரில் இருநூறு பேருக்கு வேலை போயிற்று, மெர்வுக்கும்தான். வாங்கிய கம்பெனிக்காரன் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்பதே எங்களுக்கு ரொம்ப காலம் தெரியாது. வந்தவர்கள் முதலில் மரம் வெட்டவில்லை, கேட் போட்டார்கள். மரம் அவர்களுடையது. அடியில் இருக்கும் மண் யாருடையது என்று இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் மக்கள் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. பன்றி யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

அப்போதுதான் மெர்வ் ஊருக்குப் பெரிய மனிதன் ஆனான். ஒரு லாரிக்காரனிடம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் கேட் சாவியைக் கடன் வாங்கி, வரைந்து வைத்துக்கொண்டான். பித்தளைத் துண்டை வைஸில் கவ்வவிட்டு, மிச்சமிருந்த எட்டு விரலால் அரம் பிடித்து ராவி ராவி ஒரு மாரிக்காலம் முழுக்கச் சாவி செய்தான். ஒரு சாவிக்கு ஒரு பன்றித் தொடை. என் அப்பாவும் வாங்கினார். அடுத்த இரண்டு வருடத்தில் வைகோராவில் மெர்வைவிடப் பன்றித்தொடை தின்றவன் எவனும் இல்லை.

அவன் பெண்டாட்டி பெரில் கொஞ்ச நாள் பார்த்தாள். பிரிஸ்பேனில் வேலை இருக்கிறது, போகலாம் என்றாள். அவன் காட்டை விட்டு வரமாட்டேன் என்றான். இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு அவள் விமானம் ஏறினாள். இவன் திருட்டு விறகு விற்றுக்கொண்டு அதே பதினாலாம் நம்பர் வீட்டில் இருந்தான். முகாமின் மற்ற வீடுகளையெல்லாம் கம்பெனி லாரியில் ஏற்றிக்கொண்டு போய் விற்றுவிட்டது. கேட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே அவன் வீடு மட்டும் ஒற்றைப் பல் மாதிரி நின்றது. ஏன் அதை விட்டுவைத்தார்கள் என்று எங்களுக்கு அப்போது புரியவில்லை.

பிறகு புரிந்தது. கள்ளச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் மெர்வ்தான் என்று எவனோ மானேஜரிடம் சொல்லியிருக்கிறான். ஒரு திங்கட்கிழமை மெர்வ் ஆரஞ்சு நிற மேற்சட்டை போட்டுக்கொண்டு கம்பெனி பிக்கப்பில் வந்தான். அந்த வாரமே நாற்பத்தொரு பூட்டையும் மாற்றினான்.

மாற்றி முடித்த அன்று சாயங்காலம் பீர் கடையில் அவனுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. என் பெண்டாட்டி நைரியின் அண்ணன் செல்வின் மட்டும் அவன் முன்னால் போய் நின்றான்.

“யோவ் மெர்வ், எங்கப்பன் உனக்கு ஒரு தொடை குடுத்தாரு. அதைத் திருப்பிக் குடு.”

“செரிச்சுப் போச்சு.”

“செரிக்கும்யா உனக்கு. எல்லாம் செரிக்கும்.”

“உள்ள போகணுமா, கிளப் ஒண்ணு ஆரம்பி,” என்றான் மெர்வ், கண்ணாடிக் குவளையிலிருந்து முகத்தை எடுக்காமல். “பேர் எழுதிக் குடு. பெர்மிட் வாங்கித் தரேன். கேட்டு வழியா மனுஷன் மாதிரி போயிட்டு வா.”

வேறு வழியில்லை, ஆரம்பித்தோம். செல்வின் செயலாளர். முப்பத்தெட்டு குடும்பம். வாரக் கடைசிக்குக் காட்டில் ஒரு பிளாக் தருவார்கள். அந்த எல்லைக்குள்தான் வேட்டையாட வேண்டும். எல்லை தாண்டிப் பிடிபட்டால் கிளப் முழுக்கவே இரண்டு வருடம் வெளியே. தாண்டியவன் பிடிபடுவதற்கு முன்னால் தானே வந்து சொன்னால் அவனுக்கு மட்டும்தான் தண்டனை. இந்தக் கடைசி விதியைக் கம்பெனியோடு மல்லுக்கட்டிச் சேர்த்தது மெர்வ்தான் என்று செல்வின் ஒரு தடவை சொன்னான். பெரிய தர்மம். தானே போய்த் தன்னைக் காட்டிக்கொடுக்கிற அளவுக்கு மூளை கலங்கியவன் எங்கள் கிளப்பில் யாரும் இல்லை.

மெர்வ் அந்தக் கேட்டில் இருபத்தொரு வருடம் இருந்தான். மழையோ வெயிலோ, பிக்கப்பில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டே வண்டி நம்பர் எழுதுவான். தொடையைக் கவ்விப் பிடித்த கால்சட்டையோடு ஆக்லாந்திலிருந்து சைக்கிள்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குத் தனிப் பாதை, தனிப் பலகை. நாங்கள் வந்தால் நாய்களை எண்ணுவான், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. ஒருத்தன் பழைய ஃபிரிட்ஜைக் காட்டுக்குள் தள்ளிவிட்டு வந்தான். மெர்வ் அதன் அடியில் ஒட்டியிருந்த ஒரு கடிதத்தில் விலாசம் பார்த்து, ஃபிரிட்ஜைக் கொண்டுபோய் அந்த ஆளின் வீட்டு வாசலில் கதவைத் திறக்க முடியாதபடி நிறுத்திவிட்டு வந்தான். ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்காக அவனைப் பிடித்தது என்று அர்த்தமில்லை.

இனி என் விஷயம்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், ஜனவரி மாதம், எங்கள் பக்கம் அது கடுங்கோடை. எங்களுக்கு ஒன்பதாம் பிளாக். ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் மூன்று நாய்களோடு போனேன். அதில் பிப்பி என்று ஒரு பெண் நாய். ஒல்லி, ஒரு காது கிழிசல். பார்க்கிறவன் சோறு போடமாட்டான். ஆனால் வைகோராவில் அவளைப் போல மோப்பம் பிடித்த நாய் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. காலை பத்து மணிக்கு ஒரு ஆண் பன்றியைக் கிளப்பினாள். பன்றி ஓடையைத் தாண்டிப் பன்னிரண்டாம் பிளாக்குக்குள் போயிற்று. அங்கே மரம் வெட்டும் வேலை நடக்கிறது, இயந்திரங்கள் நிற்கின்றன, எங்களுக்கு அனுமதி கிடையாது. ஓடைக்கரையில் நின்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை, நானும் தாண்டினேன்.

மற்ற இரண்டு நாய்களும் மத்தியானம் திரும்பின. ஒன்றின் மேல் ரத்தம், அதனுடையது இல்லை. பிப்பி வரவில்லை. அவள் கழுத்துப் பட்டையில் இருந்த டிராக்கரின் ஏரியலைப் போன வாரமே ஒரு பன்றி ஒடித்துவிட்டது. மாற்றவேண்டும் மாற்றவேண்டும் என்று இருந்தேன். பொழுது சாயும் வரை கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

அப்படி ஆனால் எங்களிடம் ஒரு வழி உண்டு. நாயின் குரலைக் கடைசியாகக் கேட்ட இடத்தில், உடம்பில் போட்டிருக்கும் சட்டையைக் கழற்றித் தரையில் போட்டுவிட்டு வரவேண்டும். நாய் சுற்றிச் சுற்றி அங்கே வரும். நம் வாடை இருப்பதால் அதன் மேல் படுத்துக் காத்திருக்கும். மறுநாள் காலையில் போனால் அங்கேயே இருக்கும். காட்டில் அப்படிக் கிடக்கும் சட்டையை யாரும் தொடமாட்டார்கள், திருடனும் தொடமாட்டான். நான் இரண்டு நாளாகப் போட்டிருந்த சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையைக் கழற்றி, பன்னிரண்டாம் பிளாக்கில் மரத்தடிகளை அடுக்கும் மேட்டில் போட்டுவிட்டு, பனியனோடு வந்தேன்.

கேட்டில் மெர்வ் எண்ணினான். “ரெண்டுதான் இருக்கு.”

“ஒண்ணு உள்ள நிக்குது. காலையில வந்து கூட்டிட்டுப் போறேன்.”

அவன் என் பனியனைப் பார்த்தான்.

அன்றைக்கே ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். காற்றும் வெயிலும் மோசம், தீ அபாயம், மறு உத்தரவு வரும்வரை காடு மூடல். மரம் வெட்டுகிறவர்களுக்குக்கூட வேலை இல்லை. திங்கட்கிழமை காலை நான் போனபோது கேட்டில் இரட்டைச் சங்கிலி தொங்கியது.

“ஒரு மணி நேரம் மெர்வ். நாய எடுத்துட்டு வந்துடறேன்.”

“முடியாது.”

“வண்டி வேணாம். நடந்து போறேன்.”

“நடந்தாலும் முடியாது. பொறி ஒண்ணு விழுந்தா அத்தனையும் போயிரும்.”

“நான் என்ன, வாயில நெருப்பு வெச்சுக்கிட்டா போறேன்?”

“சட்டை எங்க கெடக்குன்னு சொல்லு,” என்றான். “நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

இந்த இடத்தில்தான் நான் மாட்டினேன். சட்டை கிடக்கும் இடத்தைச் சொன்னால் நான் எல்லை தாண்டியதைச் சொன்னதாகும். என் வாயிலிருந்து உண்மை வருவதற்குள் பொய் வந்துவிட்டது.

“ஒம்போதாம் பிளாக். நாலாவது மேடு.”

“ஒம்போது.”

“ஆமா, ஒம்போது.”

அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். சாயங்காலம் திரும்பவும் போனேன்.

“ஒம்போதுல ஒண்ணும் இல்ல,” என்றான். “நாயும் இல்ல, சட்டையும் இல்ல. வேற எங்கயாவது போட்டியா?”

“இல்ல.”

“நல்லா யோசிச்சுச் சொல்லு.”

“அதான் இல்லன்னு சொல்றேனே.”

செவ்வாய்க்கிழமை ஆற்றுப் பக்கமாகச் சுற்றி, பழைய கம்பி வேலியில் ஒரு ஓட்டை உண்டு, அதில் நுழையப் பார்த்தேன். ஓட்டைக்கு அந்தப் பக்கம் மெர்வின் பிக்கப் நின்றுகொண்டிருந்தது. நிற்காமல் என்ன செய்யும், திருட்டு விறகுக்காக அந்த ஓட்டையைப் போட்டவனே அவன்தானே. ஜன்னல் வழியாக ரொட்டியை மென்றுகொண்டே என்னைப் பார்த்தான்.

“சட்டை எங்க, பவோரா?”

“ஒம்போது.”

“சரி,” என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

செல்வினிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் முகம் சுண்டிப்போயிற்று.

“வாயத் தெறந்துடாத மச்சான். மார்ச்ல நம்ம மராய் மண்டபத்துல புதுச் சமையக்கட்டு தெறக்கறோம். நானூறு பேர் வருவாங்க. உன் நாயையா அவங்களுக்குப் போடறது? கிளப்ப மூடிட்டான்னா பன்னி எங்கேருந்து வரும்?”

“தானா போய்ச் சொன்னா எனக்கு மட்டுந்தானே?”

“எவன் சொன்னான் உனக்கு? அந்தாளா? சாவி செஞ்சு குடுத்துட்டுப் பூட்ட மாத்தினவன்டா அவன். அவன் எழுதின விதிய அவனே மதிப்பான்னு நம்பறியா?”

நான் நம்பவில்லை. அதுதான் உண்மை. சொன்னால் முப்பத்தெட்டு வீட்டுக்கும் கேட் மூடும் என்றுதான் நினைத்தேன். சொல்லாவிட்டால் பிப்பி அந்த வெயிலில், காயத்தோடோ என்னவோ, என் சட்டை மேல் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே சாவாள். அவள் எழுந்து தண்ணீருக்குப் போவாளா என்றுகூடத் தெரியாது. இருக்கச் சொன்னால் இருக்கிறவள்.

புதன்கிழமை நைரி எனக்குச் சோறு போட்டாள், தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

“உன் தண்ணி பாட்டில் எங்க?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“மூணு நாளா நீ நிமிஷத்துக்கு ஒரு தடவ தண்ணி குடிக்கறே. அங்க ஒருத்திக்கு ஒரு சொட்டு இருக்கான்னு தெரியல. எங்க அண்ணன் பேச்சக் கேட்டு ஒக்காந்திரு. அவன் எப்பவாவது நாய் வளத்திருக்கானா? மீன்தொட்டி வெச்சான், அதுவே செத்துப் போச்சு.”

வியாழக்கிழமை காலை கேட்டுக்குப் போனேன். மெர்வ் பிக்கப்பை விட்டு இறங்கவில்லை.

“பன்னெண்டு,” என்றேன்.

“என்ன பன்னெண்டு?”

“தெரியாத மாதிரி கேக்காத. சட்டை பன்னெண்டாம் பிளாக்ல கெடக்கு. ஓடை தாண்டி, மொதல் மேடு. நான்தான் தாண்டினேன். கிளப்ல வேற யாருக்கும் சம்பந்தமில்ல. எழுதிக்கோ.”

அவன் முன்கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு தாளை எடுத்தான். அதில் என் பெயர், பன்னிரண்டாம் பிளாக், ஓடை, மேடு, எல்லாம் முன்பே எழுதியிருந்தது. தேதியும் கையெழுத்தும் மட்டும் காலி. ‘உறுப்பினர் தானே முன்வந்து தெரிவித்தது’ என்ற இடத்தில் டிக் போட்டிருந்தான்.

“தேதி போடு. கையெழுத்து போடு. உனக்கு ரெண்டு வருஷம். மத்தவன் எவனுக்கும் ஒண்ணும் இல்ல.”

“நாய்?”

“எங்க வீட்டுல இருக்கு.”

எனக்கு முதலில் காதில் ஏறவில்லை.

“திங்கக்கெழம காலையிலயே எடுத்துட்டு வந்துட்டேன்,” என்றான். “நீ ஒம்போதுன்னு சொன்னே. இந்த வெயிலுக்குப் பன்னி ஒம்போதுல நிக்குமா, ஓடை நெழலுக்குத்தான் போகும். நேரா பன்னெண்டுக்குப் போனேன். சட்டை மேல படுத்திருந்தா. வயித்துல பன்னி கிழிச்சிருந்துது. பதினோரு தையல் போட்டேன்.”

“மூணு நாளா,” என்றேன். ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவன் மேற்சட்டையைப் பிடித்தேன். அறுபது வயதுக் கிழவன், அசையவில்லை.

“மூணு நாளா ஒண்ணும் இல்ல ஒண்ணும் இல்லன்னு சொன்னியேடா.”

“ஒம்போதுல ஒண்ணும் இல்லன்னுதான் சொன்னேன். நீ ஒம்போதத்தானே கேட்டே.” என் கையைப் பார்த்தான். “நாய் ஆப்டுடுச்சுன்னு அன்னைக்கே சொன்னா, எங்க ஆப்டுச்சுன்னு மானேஜருக்கு எழுதணும். எழுதினா நீ பிடிபட்டவன். முப்பத்தெட்டு வீடும் வெளிய. நீயா வந்து சொன்னாத்தான் ஆச்சு. நீதான் வரமாட்டேன்னுட்டே. இப்ப சட்டைய விடு. கிழிஞ்சா கம்பெனிக்கு நீதான் வாங்கிக் குடுக்கணும்.”

விட்டேன். கையெழுத்துப் போட்டேன். அவன் பின்னாலேயே மூன்று கிலோமீட்டர் போனேன். காட்டுக்குள் எனக்கு அதுதான் கடைசிப் பயணம், இரண்டு வருடத்துக்கு. பிப்பி அவன் வீட்டுப் பின்வாசலில் நிழலில் கிடந்தாள். வயிறு சிரைத்து, தையல் ஒரே இடைவெளியில் வரிசையாக இருந்தது. எட்டு விரலால் எப்படித்தான் போட்டானோ. என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள், ஓடி வரவில்லை, நடந்து வந்தாள். அவள் தட்டில் இருந்தது ஆட்டு ஈரல். என் வீட்டில் எனக்கே அது கிடைப்பதில்லை.

மெர்வ் உள்ளே போய் என் கம்பளிச் சட்டையைக் கொண்டுவந்தான். ரத்தக்கறை போகத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தான். எனக்கு அதைப் பார்த்ததும்தான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நன்றி என்று ஒரு சொல் சொல்லாமல், அவன் கண்ணெதிரே அந்தச் சட்டையை அவன் வாசல் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, நாயைத் தூக்கிக்கொண்டு வண்டியேறினேன்.

மார்ச் மாதம் மராயில் புதுச் சமையல்கட்டு திறந்தார்கள். கிளப்காரர்கள் ஒன்பது பன்றி கொண்டுவந்தார்கள். நானூறு பேரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். தட்டுக் கழுவும் வேலை எனக்கு. செல்வின் மேடையில் கிளப்பின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினான்.

மே மாதம் குளிர் பிடித்தது. ஆற்றுக்கு விலாங்கு பிடிக்கப் போக அந்தக் கேட்டுக்கு வெளியே போகும் சாலையில்தான் போகவேண்டும். ஒரு நாள் பிப்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். கேட்டில் மெர்வ் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு நின்றான். ஆரஞ்சு மேற்சட்டைக்கு அடியில் என் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளி. நல்ல சட்டையைக் குப்பையில் கிடக்க விடுகிற ஜாதி இல்லை அவன்.

திருப்பத்துக்காக வண்டியை மெதுவாக்கினேன். பிப்பி குதித்தாள். நேராக அவனிடம் போனாள், அவன் காலடியில் படுத்தாள். வாலை ஆட்டவில்லை, நக்கவில்லை. பன்னிரண்டாம் பிளாக்கில் படுத்த மாதிரியே, முகத்தை முன்காலில் வைத்துக்கொண்டு, யாருக்கோ காத்திருப்பதுபோலப் படுத்திருந்தாள்.

கூப்பிட்டேன். வரவில்லை. இறங்கிப் போய்க் கூப்பிட்டேன்.

“சட்டையக் கழட்டு மெர்வ்.”

“குளுருது.”

“என் சட்டை அது.”

“குப்பையில கெடந்துது,” என்றான். “குப்பையில கெடந்தது கம்பெனியோடது.”

மூன்றாவது தடவை கூப்பிட்டபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது. எட்டு வருடம், அவள் சாகும்வரை, அந்தத் திருப்பத்தில் கயிறு கட்டித்தான் கூட்டிப் போனேன்.